நீலகிரியில் ஸ்போர்ட் பைக்: ஓட்டுவதும் இன்சூரன்ஸும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துப் பிள்ளைகள் 300 முதல் 500 சிசி வரையிலான ஸ்போர்ட் பைக் எடுக்கப் பெரும்பாலும் கீழே கோயம்புத்தூருக்குத்தான் போகிறார்கள். அங்கே விற்கிறவர் அவிநாசி ரோட்டை மனதில் வைத்துப் பேசுவார். வண்டியோ மறுநாள் முதல் பர்லியாரிலும் லவ்டேலிலும் ஓடப் போகிறது. அதனால் வண்டியிடம் எதை எதிர்பார்க்கலாம், இன்சூரன்ஸுக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பணம் பற்றிய பதில்கள்தான் நீளம். மலையில் ஸ்போர்ட் பைக் வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாந்து போவது அங்கேதான்.

நடுத்தர ஸ்போர்ட் பைக் என்று எதைச் சொல்கிறீர்கள்?

முன்பக்கம் ஃபேரிங் என்னும் பிளாஸ்டிக் உறை மூடியிருக்கும், கைப்பிடி தாழ்வாக இருக்கும், 300 சிசிக்குக் கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்கி 500 சிசி வரை போகும் வண்டிகளை. கவாசாகி நிஞ்ஜா 300 (296 சிசி), ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 (312 சிசி), யமஹா ஆர்3 (321 சிசி), கேடிஎம் ஆர்சி 390 (373 சிசி), அப்ரிலியா ஆர்எஸ் 457 (457 சிசி) எல்லாம் இதில் வரும். இந்தப் பட்டியலின் நடுவில் 350 சிசி என்று ஒரு கோடு ஓடுகிறது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அண்ணா, கீழே டெஸ்ட் ரைடில் பறந்த வண்டி ஊட்டி வந்ததும் மந்தமாக இருக்கிறது. வண்டியில் கோளாறா?

கோளாறு இல்லை, காற்றுதான் குறைவு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் பவரும் அதே அளவில் குறையும். 38 பிஎஸ் என்று எழுதியிருக்கும் வண்டி இங்கே 30 பிஎஸ் பக்கம்தான் தரும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பழைய கார்புரேட்டர் வண்டி மாதிரி கரும்புகை கக்காது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்காது. ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது.

எனக்கு இது குறையாகவே தெரியவில்லை. காட்டேரியிலிருந்து கேத்தி வரைக்கும் 30 பிஎஸ்ஸை முழுதாகப் பயன்படுத்தக்கூடிய நேர்ரோடு எங்கே இருக்கிறது? இங்கே வண்டி எடுக்கிறவர் உச்ச வேகத்தைப் பார்க்க வேண்டாம். 3,000, 4,000 ஆர்பிஎம்மில் திணறாமல் இழுக்கிறதா என்று பாருங்கள். வளைவு முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் உங்களுக்கு வேண்டியது அதுதான்.

குனிந்து ஓட்டும் வண்டி மலைக்குச் சரிப்படுமா?

வளைந்து நெளிந்து போகும் ரோட்டில் நன்றாகவே சரிப்படும். கொண்டை ஊசி வளைவில்தான் கஷ்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் இன்சூரன்ஸ் கணக்குக்கு இதுதான் அடிப்படை.

ஸ்போர்ட் பைக்கின் கைப்பிடி அதிகம் திரும்பாது. முழுவதும் திருப்பினால் உங்கள் கட்டைவிரல் டேங்கில் போய் இடிக்கும். முதல் கியரும் சாதாரண வண்டியைவிட நீளமாக இருக்கும், மெதுவாகப் போக கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். இந்த வண்டியோடு மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறி வருகிறீர்கள், இடது பக்கக் கொண்டை ஊசி வருகிறது. நாம் இடதுபக்கம் போகிறவர்கள் என்பதால் அதன் உள்வட்டம், அதாவது மிகக் குறுகலான, மிகச் செங்குத்தான பகுதி, நம் பங்குக்கு வரும். பாதி திரும்பும்போது மேலிருந்து ஒரு பஸ் மூக்கை நீட்டுகிறது. பதற்றத்தில் முன் பிரேக்கைப் பிடிக்கிறீர்கள், எஞ்சின் நின்றுவிடுகிறது. இடது காலை ஊன்றலாம் என்று நீட்டினால், சாய்வான ரோட்டில் தரை நீங்கள் நினைத்ததைவிட நாலு விரற்கடை கீழே இருக்கிறது. 175 கிலோ வண்டி மெதுவாக இடப்பக்கம் படுத்துவிடுகிறது.

உங்களுக்கு ஒன்றும் ஆகாது. வேகம் பூஜ்யம். ஆனால் ஃபேரிங் கீறி, ஒரு மூலையில் விண்டிருக்கும். கண்ணாடி, இன்டிகேட்டர், கிளட்ச் லீவர் போயிருக்கும். மலையில் புது ஸ்போர்ட் பைக்குகள் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான், வேகத்தில் அல்ல.

தவிர்க்கும் வழி: கொண்டை ஊசிக்குள் நுழைவதற்கு முன்பே, நேராக இருக்கும்போதே முதல் கியருக்கு வாருங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், பின் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்திப் பிடித்தபடி வேகத்தை அதிலேயே கட்டுப்படுத்துங்கள். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வளைவின் வெளியேறும் பக்கம் பார்க்க வேண்டும். பஸ்ஸோ தேயிலை லாரியோ வளைவில் இருந்தால் உள்ளே நுழையவே வேண்டாம், வெளியே நின்று விடுங்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டத்திலேயே இருக்கிறது, உண்மைதான். ஆனால் பஸ் டிரைவருக்கு ரோடு முழுவதும் தேவைப்படும் இடத்தில் அந்த உரிமையை நிலைநாட்ட நினைக்காதீர்கள்.

இறங்கும்போது மணிக்கட்டு வலிக்கிறதே?

இறக்கத்தில் உடம்பு எடை மொத்தமும் கைக்கு வருவதால்தான். முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்து, முதுகால் தாங்கப் பழகுங்கள். முழங்கை மடங்கியே இருக்கட்டும். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டிவிட்டு வந்தால் பிரேக் சூடேறி, கல்லாறு வருவதற்குள் லீவர் தளர்ந்துவிடும். 36 கொண்டை ஊசிகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் எத்தனையோ விபத்துகள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. அங்கே வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததும் அதனால்தான். நம் டிஎன் 43 நம்பருக்கு வழி விடுகிறார்கள் என்பதற்காக அந்த இறக்கம் நமக்கு மட்டும் சாதுவாகிவிடாது.

மழை, மூடுபனி?

பாதி வருஷம் இதுதான் நம் ரோடு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. ஷோரூமில் போட்டுத் தரும் டயர் காய்ந்த ரோட்டில் பிரமாதமாகப் பிடிக்கலாம். காலை ஏழு மணிக்கு, கற்பூர மரத்து இலை ஈரமாக ஒட்டிக் கிடக்கும் ரோட்டில், சூடேறாத டயருக்கு அந்தப் பிடி வராது. முதல் பத்துக் கிலோமீட்டர் பொறுமையாகப் போங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம் என்பது 2019 ஏப்ரலிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். வழுக்கும் ரோட்டில் வண்டி நிற்கும் தூரத்தை அது சுருக்கித் தரும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஹெல்மெட் வாங்கும்போது விசருக்கு உள்ளே பனி படியாமல் இருக்க ஒட்டும் கூடுதல் தகடு கிடைக்குமா என்று கேளுங்கள். டிசம்பரில் தலைகுந்தா பக்கம் விசரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சரி, இன்சூரன்ஸ். புது வண்டிக்கு முதலில் எவ்வளவு கட்ட வேண்டும்?

இதில் மூன்று தனித்தனிச் சமாச்சாரம் இருக்கிறது. மூன்றையும் ஒரே தொகையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்று, மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சாவு, காயம், பொருள் சேதத்துக்கு. சட்டப்படி கட்டாயம். சுப்ரீம் கோர்ட் உத்தரவால் 2018 செப்டம்பர் 1 முதல் புது இரு சக்கர வண்டிக்கு இதை ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். இதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, கம்பெனிக்குக் கம்பெனி மாறாது. 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி, ஐந்து ஆண்டுக்கு 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350 சிசிக்கு மேல் 15,117 ரூபாய். புக் செய்கிற அன்று எந்த அட்டவணை நடப்பில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்கும். இது ஓராண்டுக்குத்தான். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பேரம் இங்கேதான்.

மூன்று, வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அதே அளவுக்கு உங்களிடம் ஏற்கெனவே விபத்துக் காப்பீடு இருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் எடுத்தே ஆக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எக்ஸ்-ஷோரூம் விலை 3 லட்சம், எஞ்சின் 312 சிசி என்று வைத்துக்கொள்வோம். புது வண்டிக்கு ஐடிவி, அதாவது வண்டி மொத்தமாகப் போனால் கிடைக்கும் உச்சத் தொகை, 5 சதவீதம் கழித்து 2,85,000. ஓன் டேமேஜுக்கான பழைய கட்டண அட்டவணையில் சென்னை, பெங்களூரு போன்ற எட்டு பெருநகரங்கள் ஒரு மண்டலம், மற்ற ஊர்கள் எல்லாம் இன்னொரு மண்டலம். ஊட்டிப் பதிவு இரண்டாவதில் வரும், கட்டணமும் கொஞ்சம் குறைவு. இந்த சிசிக்கு 1.760 சதவீதம். அதாவது ஓன் டேமேஜ் 5,016. மூன்றாம் நபர் 7,365. கூட்டினால் 12,381. 18 சதவீத ஜிஎஸ்டி 2,229. ஆக 14,610 ரூபாய். விபத்துக் காப்பீடும் கூடுதல் சேர்க்கைகளும் இதற்கு மேல். ஓன் டேமேஜ் பகுதியில் கம்பெனிகள் தள்ளுபடி தருவதால் கையில் வரும் தொகை இதிலிருந்து இறங்கும். ஆனால் பேரம் பேச உட்காரும்போது உங்களிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

457 சிசி எடுத்தால் இன்னும் கொஞ்சம்தான் கூடுமா?

கொஞ்சம் இல்லை. 4 லட்சத்து 20 ஆயிரம் விலையுள்ள வண்டிக்கு ஐடிவி 3,99,000. இந்த சிசிக்கு 1.844 சதவீதம், அதாவது 7,358. மூன்றாம் நபர் 15,117. ஜிஎஸ்டியோடு 26,520 ரூபாய். முதல் நாளே ஏறக்குறைய 12,000 வித்தியாசம்.

நான் சொன்ன 350 சிசி கோடு இதுதான். வண்டி விலையிலும் அது இருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். அப்புறம் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இரு சக்கர வண்டிக்கு ஆயுட்கால சாலை வரி 12 சதவீதம். 3 லட்ச வண்டிக்கு 36,000, 4.2 லட்ச வண்டிக்கு 50,400. ஐந்து ஆண்டு முடிந்து ஆண்டுக்கு ஒருமுறை மூன்றாம் நபர் காப்பீடு எடுக்கும்போதும் இதே வித்தியாசம் தொடரும், 1,366க்குப் பதில் 2,804.

என் அபிப்பிராயம் கேட்டால்: தினமும் குன்னூர்–ஊட்டி போய் வருகிறவர், மாதம் ஒருமுறை கீழே இறங்குகிறவர், 300 சிசி பக்கமே போதும். மாதம் இரண்டு முறை சேலம் ஹைவேயிலோ மைசூருக்கோ போகிறவருக்கு 457 சிசியின் கூடுதல் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது. இங்கேயே சுற்றுகிறவருக்கு இல்லை.

எனக்கு 19 வயது. வெளிநாட்டில் சின்ன வயதுக்காரர்களுக்கு ஸ்போர்ட் பைக் இன்சூரன்ஸ் பல மடங்கு என்கிறார்களே?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அப்படித்தான். ஓட்டுகிறவரின் வயது, முந்தைய விபத்து, குடியிருக்கும் பகுதி எல்லாம் பார்ப்பார்கள். நம் ஊரில் மூன்றாம் நபர் கட்டணம் முழுக்க முழுக்க சிசி கணக்கு. 19 வயதும் 49 வயதும் ஒன்றுதான். ஓன் டேமேஜிலும் பிரதானமாக வண்டியின் விலை, சிசி, வயது, பதிவான இடம்தான் பார்க்கப்படும். வெளிநாட்டு வீடியோ பார்த்துப் பயப்பட வேண்டாம். லைசென்ஸ் மட்டும் கியர் வண்டிக்கானதாக, காலாவதி ஆகாததாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வண்டிக்கான கிளைமும் போச்சு, விபத்துக் காப்பீடும் போச்சு.

ஷோரூமில் ஐந்து வருஷ இன்சூரன்ஸ் போட்டாச்சு என்றார்கள். அப்போது இரண்டாம் வருஷம் எதற்குப் பணம் கேட்கிறார்கள்?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதலாம் போலிருக்கிறது. ஐந்து ஆண்டு என்பது மூன்றாம் நபர் பகுதிக்கு மட்டும். ஓன் டேமேஜ் முதலாம் ஆண்டோடு முடிகிறது. பாலிசி தாளில் இரண்டு காலாவதித் தேதிகள் தனித்தனியாக அச்சாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள். 'இன்னும் நாலு வருஷம் இருக்கே' என்று ரினிவல் மெசேஜை அழித்துவிடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். போலீஸ் பிடித்தால் அபராதம் வராது, ஏனென்றால் சட்டம் கேட்கும் காப்பீடு இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து வண்டி திருடு போனாலும், மரம் விழுந்து நொறுங்கினாலும், ஒரு ரூபாய் வராது.

பின்னால் உட்காருகிறவரையும் நினைத்துப் பாருங்கள். வெறும் மூன்றாம் நபர் பாலிசியில், சும்மா பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு இல்லை என்று 2006லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஓன் டேமேஜும் சேர்ந்த முழுப் பாலிசி நடப்பில் இருக்கும்போதுதான் அவருக்குப் பாதுகாப்பு. தங்கையைக் காலேஜில் விடப் போகிற அண்ணன் யாராக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு வண்டி எடுக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு ஓன் டேமேஜை மட்டும் தனியாக, வேறு கம்பெனியிலும் எடுக்கலாம். 2019 செப்டம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. காலாவதி ஆவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். விட்டுப் பிடித்தால் வண்டியைச் சோதித்துத்தான் தருவார்கள். 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸும், அதாவது கிளைம் செய்யாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடியும், போய்விடும்.

ஜீரோ டெப் அவசியமா? கூடுதல் பணம்தானே?

ஜீரோ டெப் என்பது தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் சேர்க்கை. ஸ்கூட்டருக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். ஃபேரிங் உள்ள வண்டிக்கு, அதுவும் மலையில், யோசிக்கவே வேண்டாம்.

சாதாரணப் பாலிசியில் பாகங்களுக்குத் தேய்மானம் கழித்துத்தான் பணம் தருவார்கள். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் என்றால் 50 சதவீதம், வண்டி நேற்று வாங்கியதாக இருந்தாலும். ஃபைபர் கிளாஸ் என்றால் 30 சதவீதம். இரும்பு, அலுமினியப் பாகங்களுக்கு முதல் ஆறு மாதம் கழிவே இல்லை, ஓராண்டு வரை 5 சதவீதம், பிறகு வருஷத்துக்கு வருஷம் ஏறும். ஸ்போர்ட் பைக்கில் வெளியே தெரிவதெல்லாம் பிளாஸ்டிக்தானே?

மேலே சொன்ன கொண்டை ஊசிக்கே போவோம். வண்டி வாங்கி நாலாவது மாதம் இடப்பக்கம் படுத்தது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: இடப்பக்க ஃபேரிங், அதன் அடிப்பகுதி, கண்ணாடிக் கூடு, இன்டிகேட்டர் என்று பிளாஸ்டிக் 18,000. லீவர், கால் வைக்கும் கட்டை, கைப்பிடி முனை 4,000. கூலி 2,000. மொத்தம் 24,000. ஜீரோ டெப் இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் பாதி, 9,000, உங்கள் கையிலிருந்து. கட்டாயப் பிடித்தம் இரு சக்கர வண்டிக்கு 100 ரூபாய். ஆக 9,100 நீங்கள், 14,900 கம்பெனி. ஜீரோ டெப் இருந்தால் அந்த 9,000மும் கம்பெனி தலையில். கொட்டேஷனில் ஜீரோ டெப்புக்குத் தனியாக ஒரு தொகை போட்டிருக்கும். அந்தத் தொகையை இந்த 9,000 பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பல பாலிசிகளில் ஜீரோ டெப்பை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்த முடியாது. அதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

காட்டெருமை இடித்தால், மண் சரிந்தால், மரம் விழுந்தால்?

ஓன் டேமேஜ் இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் உண்டு. பாலிசியின் பட்டியலில் வெள்ளம், புயல், நிலச்சரிவு, பாறைச் சரிவு மட்டுமல்ல, உறைபனிகூட இருக்கிறது. நீலகிரிக்கென்றே எழுதினாற்போல இருக்கும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையையும் பார்த்த ஊர் இது. வெறும் மூன்றாம் நபர் பாலிசியில் இதில் ஒன்றுமே கிடையாது.

காட்டெருமை பற்றி ஒரு வார்த்தை. ஒன்று ரோட்டைக் கடந்தால் அதோடு முடிந்தது என்று கிளம்பாதீர்கள். பின்னால் இன்னும் நாலைந்து தேயிலைக்குள் நிற்கும். எஞ்சினை உறுமவும் விடாதீர்கள், ஹாரனும் வேண்டாம்.

வண்டி நின்றுபோனால் ஊட்டியிலிருந்து கோவை வரை இழுத்துப் போக இன்சூரன்ஸ் தருமா?

சாலை உதவி என்ற சேர்க்கையை எடுத்திருந்தால் தரும். ஆனால் எத்தனை கிலோமீட்டர் வரை என்று பாலிசியில் ஒரு வரம்பு இருக்கும். ஊட்டியிலிருந்து கோவைக்கு 85 கி.மீ. பக்கம். வரம்பு 50 என்றால் மேட்டுப்பாளையத்தோடு சரி, மீதிக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். வண்டியின் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்து, அந்தத் தூரத்தை வரம்போடு ஒப்பிட்ட பிறகே இந்தச் சேர்க்கையை எடுங்கள்.

சைலன்ஸர் மாற்றலாமா? கரி ஸ்பீட்வேயில் ஒரு நாள் ஓட்டலாமா?

சைலன்ஸரை மாற்றாதீர்கள். பள்ளத்தாக்கு ஊரில் அந்தச் சத்தம் எதிர்மலை வரை போகும், வனப்பகுதியில் கேட்கவே வேண்டாம். கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளைம் நேரத்தில் சண்டைக்கு வழி. வண்டித் தயாரிப்பாளர் போட்டுத் தராத கிராஷ் கார்டு, கூடுதல் விளக்கு போன்றவற்றைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். அவை மட்டும் திருடு போனால் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், வண்டியோடு சேர்ந்து போனால்தான் உண்டு.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரிப் பந்தயத் தளத்தில் கற்றுக்கொள்வது மிக நல்லது, நானே பரிந்துரைப்பேன். ஆனால் பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசிக்கு வெளியே. அங்கே விழுந்தால் முழுச் செலவும் உங்களுடையது.

சின்னக் கீறலுக்கு கிளைம் செய்தால் போனஸ் போய்விடும் என்கிறார்கள்.

போகும். எவ்வளவு போகும் என்று பாருங்கள். கிளைம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பிறகு 20 சதவீதம், அடுத்தடுத்து 25, 35, 45, 50. இது ஓன் டேமேஜ் பகுதியில் மட்டும்தான் கழியும். அந்தப் பகுதி 4,500 என்றால் முதல் ஆண்டு போனஸ் 900 ரூபாய். ஆகவே 800 ரூபாய் இன்டிகேட்டருக்குக் கிளைம் வேண்டாம், 24,000 ரூபாய் ஃபேரிங்கை போனஸுக்காக விட்டுவிடவும் வேண்டாம். பழைய வண்டியை விற்றுப் புதிது எடுக்கிறவர்களுக்கு: போனஸ் உங்களுடையது, வண்டியினுடையது அல்ல. பழைய கம்பெனியிடம் சான்று வாங்கிப் புது வண்டியில் கழித்துக்கொள்ளுங்கள்.

பையன் பதினெட்டு முடிந்ததும் இதுதான் வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

அம்மாக்கள் கேட்கும் கேள்வி இது. அவன் இதுவரை 100 அல்லது 125 சிசி வண்டியை ஒரு மழைக்காலம் முழுவதும் இந்த ரோட்டில் ஓட்டியிருக்கிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். ஓட்டியிருந்தால், வண்டிப் பணத்தோடு நல்ல ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, தோள் முழங்கை காப்புள்ள ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்க முடிகிறதா என்று கணக்குப் போடுங்கள். முடியாவிட்டால் ஒரு படி கீழே உள்ள வண்டியை எடுங்கள், காப்பு உடைகளில் கைவைக்காதீர்கள். வண்டியை யார் பெயரில் பதிவு செய்வது என்பதும் முக்கியம். விபத்துக் காப்பீடு உரிமையாளருக்குத்தான். அப்பா பெயரில் வண்டி இருந்து மகன் ஓட்டி விழுந்தால் அந்த 15 லட்சம் பொருந்தாது. ஓட்டப் போகிறவன் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.

விழுந்துவிட்டது. முதலில் என்ன செய்ய?

ஆளைப் பாருங்கள். யாருக்காவது அடி என்றால் 108, பிறகு போலீஸ். ஆளுக்கு ஒன்றும் இல்லை என்றால், வண்டியைத் தூக்குவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ரோடும் நம்பர் பிளேட்டும் தெரியும்படி. வளைவில் கிடந்தால் போட்டோவுக்காக நிற்க வேண்டாம், ஓரத்துக்கு நகர்த்திவிட்டு எடுங்கள். அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் வரை ஒரு பாகத்தையும் மாற்றாதீர்கள். குன்னூரில் தெரிந்த மெக்கானிக்கிடம் லீவரை மாற்றிவிட்டுக் கோவைக்கு ஓட்டிப் போனால், அந்த லீவருக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். 'நின்ற வண்டியை யாரோ இடித்துவிட்டார்கள்' என்று சிலர் கதை கட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். தானாக விழுந்த வண்டிக்கும் காப்பீடு உண்டு, பொய்தான் கிளைமைக் கெடுக்கும்.

கிளைமை மறுத்துவிட்டால்?

மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் புகார் கொடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம். அவர்கள் பதில் திருப்தி இல்லையென்றாலோ ஒரு மாதமாகியும் பதிலே இல்லையென்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பாலிசி தாள், எஸ்டிமேட், போட்டோ, மறுப்புக் கடிதம் நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.